கட்டிங்குக்கு ஆள் தேடும் அரை மணி நேரம்

மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறைப் பெரியவர்களுக்கு வணக்கம்.

மதுக்கடைக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். தண்ணீர், சுண்டல், ஊறுகாய் விற்கிறேன். அதனால் நியாயம் பேச எனக்குத் தகுதி கொஞ்சம் குறைவுதான். ஆனால் சின்ன பாட்டிலை யார், எதற்காக வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

2023-இல் அப்போதைய மதுவிலக்குத் துறை அமைச்சர் முத்துசாமி 90 மில்லி மது பாக்கெட் கொண்டுவருவது பற்றிப் பேசினார். 180 மில்லி குவார்ட்டரைத் தனியாக வாங்க முடியாதவர்கள் பங்குக்கு ஆள் தேடி நிற்கிறார்கள் என்பது காரணம். உண்மைதான். என் கடை முன்னால்தான் நிற்கிறார்கள். ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் போடுவதுதான் கட்டிங். “அண்ணே, கட்டிங்கா?” அவ்வளவுதான் அறிமுகம். பெயர்கூடக் கேட்பதில்லை. டம்ளர் இரண்டு வரும் (எங்கிருந்து என்று கேட்காதீர்கள்). ஊற்றியவர் இரண்டையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். எதை எடுப்பது என்பது மற்றவர் உரிமை. நகைக்கடைத் தராசுகூட அவ்வளவு சுத்தமாக நிற்காது.

காசு மட்டுமே காரணமும் இல்லை. வாரக்கூலி கையில் இருக்கும் சனிக்கிழமையும் ஒரு கொத்தனார் ஃபுல் வாங்க மாட்டார். ஏன் என்று கேட்டேன். “வாங்கிட்டுப் போனா இன்னைக்கே காலியாகிடும்ணே” என்றார். குவார்ட்டர் அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட மூக்கணாங்கயிறு. அதை அறுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குத் திரும்ப வருவதும் உண்டு, அது வேறு கதை. அப்புறம், தட்டை பாட்டில் லுங்கி மடிப்பில் அடங்கிவிடும். வீட்டில் கண்ணில் படாது. வேடிக்கை என்னவென்றால், நாலு குவார்ட்டர் சேர்ந்தாலும் 750 மில்லி ஃபுல்லுக்கு 30 மில்லி குறைகிறது. இதைக் கேட்டு யாரும் சண்டை போட்டதில்லை.

சின்னது என்றால் கொஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். 42.8 சதவீத சரக்கில் 90 மில்லி என்பது ஏறக்குறைய 30 கிராம் சுத்த ஆல்கஹால். கர்நாடகத்தில் அந்த அளவு பாக்கெட்டிலேயே கிடைக்கிறது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்கே போகலாம். பாக்கெட் உடையாது, அது ஒரு நல்லது. நீலகிரியில் காட்டு விலங்குகளின் காலைக் கண்ணாடிச் சில்லு கிழிக்கிறது என்றுதானே, காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கச் சொன்னது நீதிமன்றம்?

ஆனால் ஆள் தேடும் அந்த அரை மணி நேரத்தை நீங்கள் குடிக்கிறவரின் கஷ்டமாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அது வேகத்தடையாகத் தெரிகிறது. முடிவெடுக்கும்போது அதையும் கணக்கில் சேருங்கள்.

போன வாரம் ஒருவருக்குக் கடைசிவரை ஆள் கிடைக்கவில்லை. எட்டரை பஸ் ஹார்ன் அடித்தது. வாய்க்குள் திட்டிக்கொண்டே, கசங்கிய நோட்டுகளை என்னிடம் நீட்டி ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறினார். மீதிச் சில்லறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
எதிர்க்கடைக்காரன்