திசையை ஒட்டவைத்தால் மட்டும் திசைவேகம் ஆகிவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் போன வாரம் வந்த இயற்பியல் குறிப்பில், வேகத்தோடு திசையையும் சேர்த்துச் சொன்னால் அதுதான் திசைவேகம் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு இந்த நொடியில் என்ன திசைவேகம் என்று கேட்டால் அந்த வரி போதும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முழுப் பயணத்தின் சராசரியைக் கேட்டால் அதே வரி பிள்ளைகளைக் கவிழ்த்துவிடும், மலையில் இருக்கும் பிள்ளைகளை இன்னும் மோசமாகக் கவிழ்க்கும். கோத்தகிரியில் ஒன்பதாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கிறேன். உங்கள் குறிப்பைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, கணக்கையும் அதன்படியே போட்டுக்கொண்டு வந்தார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நம்ம மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குத் தண்டவாள நீளம் 46 கி.மீ., ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. வகுத்தால் மணிக்கு 9.5 கி.மீ., இது சராசரி வேகம். இதோடு திசையைச் சேர்த்து "9.5 கி.மீ., வடமேற்கு" என்று எழுதினால் சராசரி திசைவேகம் வந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வரவில்லை. சராசரி திசைவேகத்துக்கு வகுக்கும்போது மேலே வைக்க வேண்டியது ஓடிய தொலைவு அல்ல, இடப்பெயர்ச்சி, அதாவது கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு உள்ள நேர்கோட்டுத் தூரம், திசையோடு. ரயில் கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ் என்று 208 வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறுகிறது, ஆனால் கிளம்பிய இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 30 கி.மீ.தான். ஆக மணிக்கு 6.2 கி.மீ., வடமேற்காக. இரண்டும் வேறு வேறு எண்கள், திசையை ஒட்டவைப்பதால் ஒன்று மற்றொன்றாக மாறாது.

(ரயில் 1,900 மீட்டர் அளவுக்கு மேலே ஏறுகிறதே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. பிதாகரஸ் போட்டுப் பார்த்தால் 30 கி.மீ.யோடு நூறு மீட்டர்கூடக் கூடுவதில்லை. வகுப்பே நம்பவில்லை, திரும்பப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.)

இன்னொரு கணக்கு, இதுதான் எனக்குப் பிடித்தது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இரண்டு வழி. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் 30 கி.மீ. அளவு. கூடலூர் சுற்றிப் போனால் ஏறத்தாழ 67 கி.மீ. நேர்கோடு போட்டால் 20 கி.மீ. இருக்கும், வடக்கே. கல்லட்டியில் ஒன்றேகால் மணி நேரம், கூடலூர் வழியில் இரண்டேகால் மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லட்டி வண்டியின் சராசரி வேகம் 24, கூடலூர் வண்டிக்குக் கிட்டத்தட்ட 30. ஆக ஸ்பீடாமீட்டரைப் பார்த்தால் கூடலூர் வண்டிதான் விரட்டியிருக்கிறது. சராசரி திசைவேகத்தைப் பாருங்கள்: கல்லட்டிக்கு 16, கூடலூருக்கு 9 கூட இல்லை! வேகமாக ஓட்டியவருக்குக் குறைந்த திசைவேகம். இந்த ஒரு கணக்கைத் தானாகப் போட்டுவிட்ட பிள்ளைக்கு அப்புறம் இந்தப் பாடத்தில் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை.

இடப்பெயர்ச்சி என்றால் மிகக் குறுகிய பாதை என்று சில வழிகாட்டி நூல்களில் போடுகிறார்கள், அதையும் தயவு செய்து எழுதிவிடாதீர்கள். பாதை என்றதும் எங்கள் பிள்ளைகளுக்குத் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கும் குறுக்குவழிதான் நினைவுக்கு வரும். குறுக்குவழியில் நடந்தாலும் அது நடந்த தொலைவுதான். இடப்பெயர்ச்சிக் கோடு பள்ளத்தாக்கின் குறுக்கே, பாறைக்கு உள்ளேகூடப் போகும், அதில் யாரும் நடக்க முடியாது. போய்விட்டு மாலையில் வீட்டுக்கே திரும்பிவிட்டால் இடப்பெயர்ச்சி சுழி, கால் வலி மட்டும் மிச்சம்.

கொண்டை ஊசி வளைவைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, மலை மாவட்டப் பதிப்பில் இப்படியா? டிரைவர் ஸ்பீடாமீட்டர் முள்ளை மணிக்கு 18 கி.மீ.யிலேயே, அதாவது நொடிக்கு 5 மீட்டரிலேயே நிறுத்தி வளைவு முழுக்கத் திருப்புகிறார் என்று வையுங்கள். வேகம் மாறவே இல்லை. ஆனால் கிழக்கே 5 என்று நுழைந்தது மேற்கே 5 என்று வெளியே வருகிறது, திசைவேகத்தில் நொடிக்கு 10 மீட்டர் மாற்றம். ஆறு நொடியில் திரும்பினால் சராசரி முடுக்கம், அதாவது ஒரு நொடிக்குத் திசைவேகம் மாறும் அளவு, 1.7 மீ/வி². ஜன்னலோர சீட்டில் இருப்பவர் மேல் பக்கத்து ஆள் வந்து சாய்வதும், பிளாஸ்டிக் பையைத் தேடுவதும் இந்த முடுக்கத்தால்தான். வேகம் மாறாமலே முடுக்கம் இருக்கும் என்பதை வட்டப்பாதை படம் போட்டு விளக்குவதைவிட, கோத்தகிரி பஸ்ஸில் வருகிறவர்களிடம் இப்படிச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்த வாரப் பக்கத்தில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள்: சராசரி திசைவேகம் என்பது இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுப்பது, தொலைவை அல்ல. இடம் இருந்தால் மசினகுடிக் கணக்கை விடை இல்லாமல் கேள்வியாக மட்டும் கொடுங்கள், விடையை மறுவாரம் போடலாம்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
கோத்தகிரி