சோற்றுக்குப் பருப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது, நன்றி. ஆனால் வெறும் சோற்றையா பிள்ளைகளுக்குப் போடுவது? 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எங்கள் பகுதிக் கடையில் கேட்டால், "பருப்பு இன்னும் வரவில்லை" என்கிறார்கள். சித்தாள் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அம்மா, சென்ற மாதம் இரண்டு நாள் கூலியை இழந்து வரிசையில் நின்றும் வெறும் பையோடு திரும்பினார். மளிகைக் கடையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டும் பருப்பை அவரால் வாங்க முடியுமா?

மானியத்துக்கான நிதியை அரசு முன்கூட்டியே விடுவித்து, முதல் வாரத்திலேயே சரக்கை அனுப்ப வேண்டும். விடுபட்ட மாதத்துப் பருப்பை அடுத்த மாதம் சேர்த்துத் தர வேண்டும்.

- ஒரு குடும்ப அட்டைதாரர், மதுரை