நியூயார்க் போதும், பாலக்காட்டை வரை

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய நியூயார்க் மழைத்தெரு ஓவியங்களைப் பார்த்தேன். கத்தியால் பெயிண்டை இழுக்கிற கை உனக்கு நன்றாக வந்துவிட்டது. ஆனால் மஞ்சள் டாக்ஸியும் ஈரத் தார்ரோட்டில் விளக்கு வெளிச்சமும் யார் யாரோ வரைந்து தள்ளியவை, அதில் உன்னைக் காணவில்லை. தினமும் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி பாலக்காடு ஸ்டேடியம் ஸ்டாண்டில் இறங்குகிறாய். மதியம் கணவாய்க் காற்று புழுதியைக் கிளப்பும்போது துப்பட்டாவை வாயில் கவ்விக்கொண்டு சாய்ந்து நடக்கிற பெண்கள், மலையாள போர்டைப் படிக்கத் தெரியாமல் "பொள்ளாச்சி, பொள்ளாச்சி" என்று கண்டக்டர் கூவுவதைக் கேட்டு ஓடுகிற நம்மாட்கள், இவர்களை ஏன் விட்டாய்?

ஜெர்மன் ஓவியர் கிர்ஷ்னர் 1911-ல் பெர்லினுக்குக் குடிபோனார். 1913 முதல் 1915 வரை அவர் வரைந்த தெருக்காட்சிகளைத் தேடிப் பார். 'பொட்ஸ்டாமர் பிளாட்ஸ்' (1914) படத்தில் வட்டமான ட்ராஃபிக் திட்டில் இரண்டு பெண்கள் நிற்பார்கள், ரோடே பச்சையாக இருக்கும், தரை நம் பக்கம் சரிந்து வரும். எந்த ஊர் ரோடும் அந்தப் பச்சை இல்லை. கூட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்கிறவர்களின் பதற்றம்தான் அந்த நிறம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீயோ போட்டோவில் இருந்த நிறத்தை அப்படியே எடுத்து வைக்கிறாய்.

வேலைக்குப் போவதால் நேரமில்லை என்று எழுதியிருந்தாய். இங்கிலாந்து ஓவியர் லௌரி வீட்டு வாடகை வசூலிக்கிற வேலை பார்த்தவர், அதற்காக நடந்த மான்செஸ்டர் தெருக்களும் மில் கூட்டமும்தான் அவர் படங்கள், அதுவும் சிவப்பு, கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று ஐந்தே டியூப்களில். நம் நாட்டிலேயே ஓவியர் சுதீர் பட்வர்தன் மும்பை பக்கத்துத் தானே நகரில் எக்ஸ்ரே டாக்டராக இருந்துகொண்டே ரயில் பயணிகளையும் தொழிலாளிகளையும் வரைந்தார்.

சரி, இப்படிச் செய்து பார். போனில் போட்டோ எடுக்காதே. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் பென்சிலால் உடம்பின் சாய்வை மட்டும் கோடு போடு: எடை எந்தக் காலில் இருக்கிறது, பை எந்தத் தோளை இழுக்கிறது, அவ்வளவுதான். முகமெல்லாம் அப்புறம். ராத்திரி வீட்டில் நினைவிலிருந்து வண்ணம் வை, மறந்துபோனதைப் போட்டோ பார்த்து நிரப்பாதே. மாசி வெயிலில் நம் வானம் நீலமாகவே இருக்காது, வெளுத்துக் கிடக்கும், அதனால் நிழலுக்குக் கறுப்பைக் கலக்காமல் ஊதாவோ செம்மண்ணோ போட்டுப் பார்.

ஒன்று முடிந்ததும், சரியாக வந்ததா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அனுப்பு. அன்றைக்கு ஸ்டாண்டில் யாரை அதிக நேரம் பார்த்தாய் என்றும் எழுது.

அக்கா