அந்த ராணி அப்புறம் என்ன ஆனாங்க? வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வரலாற்றுப் பாடநூல்களும் போட்டித் தேர்வுக் கையேடுகளும் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுப்பவள் நான். ஐரோப்பியர் வருகை பற்றிய பாடத்தில் ஒரு வரி வரும். போர்ச்சுகல் இளவரசி கேத்தரினை மணந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்குப் பம்பாய் சீதனமாகக் கிடைத்தது, அதை அவர் 1668இல் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். பல ஆண்டுகள் அந்த வரியைப் படித்துக் கடந்துபோயிருக்கிறேன். ஒரு நாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஊரையே சீதனமா கொடுத்துக் கட்டி வெச்சாங்களே டீச்சர், அந்த ராணி அப்புறம் என்ன ஆனாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் பாதியையாவது உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில், ஒரு நாடு ஏன் இவ்வளவு பெரிய சீதனம் கொடுத்தது? கேத்தரின் 1638 நவம்பரில் விலா விசோசா என்ற ஊரில் பிரகான்சா பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது போர்ச்சுகல் ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்தது. 1640 டிசம்பரில் போர்ச்சுகல் பிரிந்து நின்றது, கேத்தரினின் தந்தை நான்காம் ஜோவான் அரசரானார். ஸ்பெயின் விடவில்லை. போர் 28 ஆண்டுகள் இழுத்தது. 1656இல் ஜோவான் இறந்தபோது பட்டத்துக்கு வந்த மகன் சிறுவன் என்பதால், அவனுக்காக நாட்டை ஆண்டவர் தாய் லூயிசா. பட்டத்தரசியாக இருந்து ஆட்சிப் பொறுப்பை ஏற்ற பெண். கேத்தரின் வளர்ந்தது அப்படிப்பட்ட தாயின் நிழலில் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லூயிசாவுக்கு ஆங்கிலேயப் படை வேண்டியிருந்தது. சார்லசுக்குப் பணம் வேண்டியிருந்தது. 1661 ஜூனில் ஒப்பந்தம் ஆனது. வட ஆப்பிரிக்காவின் தாஞ்சியர் துறைமுகம், பம்பாய், இருபது லட்சம் குரூசாதோ (போர்ச்சுகீசிய நாணயம்) ரொக்கம், போர்ச்சுகீசியக் குடியேற்றங்களில் வணிக உரிமை, எல்லாம் பெண்ணோடு போயின. பதிலுக்கு வந்த ஆங்கிலேயப் படை 1663இல் அமெய்சியாலிலும் 1665இல் மோந்தெஸ் கிளாரோசிலும் போர்ச்சுகீசியருடன் சேர்ந்து போரிட்டது. 1668இல் ஸ்பெயின் போர்ச்சுகலின் விடுதலையை ஏற்றுக்கொண்டது. ஆக அந்தச் சீதனம் ஒரு நாட்டின் விடுதலைக்குக் கொடுத்த விலை. இதைச் சொல்லாமல் "சீதனமாகக் கிடைத்தது" என்று மட்டும் எழுதினால், ஏதோ பாத்திரம் பண்டத்தோடு பம்பாயையும் வண்டியில் ஏற்றி அனுப்பியதாகத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

ஆண்டு பற்றியும் ஒரு வார்த்தை. நான் பார்த்த கையேடுகள் சிலவற்றில் 1661இலேயே பம்பாய் கைமாறியதாக இருக்கிறது. 1661 ஒப்பந்தம் எழுதிய ஆண்டு. மறு ஆண்டு, பம்பாயைப் பெற்றுக்கொள்ள இங்கிலாந்து அனுப்பிய ஆப்ரகாம் ஷிப்மன் படையோடு வந்தபோது, போர்ச்சுகீசிய ஆளுநர் அந்தோனியோ டி மெலோ இ காஸ்த்ரோ தீவைக் கொடுக்க மறுத்துவிட்டார். ஷிப்மனும் வீரர்களும் கார்வார் அருகே அஞ்செதீவா தீவில் காத்துக் கிடந்தார்கள். பெரும்பாலோர் நோயில் மாண்டார்கள், ஷிப்மனும் 1664இல் அங்கேயே இறந்தார். 1665 பிப்ரவரியில்தான் அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஹம்ப்ரி குக் பம்பாயைப் பெற்றுக்கொண்டார். ஆங்கிலேயர் பம்பாயில் குடியேறும் நாளே இந்தியா நம் கைவிட்டுப் போகும் நாள் என்ற பொருளில் அந்த ஆளுநர் தம் அரசருக்கு எழுதியிருந்தார். இவ்வளவு சூடான கதையை நாம் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண் கேள்வியாக்கி வைத்திருக்கிறோம்.

சரி, கேத்தரினிடம் வருகிறேன். 1662 மே மாதம் போர்ட்ஸ்மவுத்தில் திருமணம் நடந்தபோது அவருக்கு வயது 23. ஆங்கிலம் தெரியாது. புராட்டஸ்டண்ட் நாடான இங்கிலாந்தில் அவர் கத்தோலிக்கர் என்பதால் கடைசி வரை அவருக்கு முடிசூட்டு விழாவே நடக்கவில்லை. வந்த சில வாரங்களிலேயே, மன்னர் தம் ஆசைநாயகி பார்பரா வில்லியர்சை ராணியின் அந்தப்புரப் பணிப்பெண்ணாக நியமிக்க முயன்றார். பட்டியலில் அந்தப் பெயரைக் கண்ட கேத்தரின் அடித்துவிட்டார். மன்னர் அந்தப் பெண்ணை நேரிலேயே கூட்டிவந்து அறிமுகம் செய்தபோது, யாரென்று புரிந்ததும் மூக்கில் ரத்தம் வழிய மயங்கி விழுந்தார். ராணியோடு வந்த போர்ச்சுகீசியப் பெண்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அவர் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மொழி தெரியாத புகுந்த வீட்டில், கூட வந்தவர்களும் போன பிறகு, அவர் யாரிடம் பேசியிருப்பார்?

குழந்தை தங்கவில்லை. 1663இல் கடும் காய்ச்சலில் பிதற்றியபோது தமக்குக் குழந்தைகள் பிறந்திருப்பதாகப் பேசினார் என்று அக்கால நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. பின்னால் கருச்சிதைவுகள். மன்னருக்கோ வேறு பெண்களிடம் பத்துக்கு மேல் பிள்ளைகள். மலடி, விவாகரத்து செய்துவிடுங்கள் என்று அரசியல்வாதிகள் நச்சரித்தார்கள். 1678இல் கத்தோலிக்கச் சதி என்ற புரளியைக் கிளப்பிய டைட்டஸ் ஓட்ஸ், மன்னருக்கு நஞ்சு வைக்க ராணியும் உடந்தை என்று பழி சொன்னார். ராணியை அரண்மனையிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று மக்களவை கேட்டது, பிரபுக்கள் அவை சம்மதிக்கவில்லை. சார்லசைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் குறைவு, ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும்: இந்த இடத்தில் அவர் மனைவியைக் கைவிடவில்லை. ஓட்சைத் தாமே விசாரித்துப் பொய்யை வெளிப்படுத்தினார். விவாகரத்துக்கும் மசியவில்லை. 1685இல் மரணப்படுக்கையில் இருந்த மன்னரிடம், ஏதும் பிழை செய்திருந்தால் மன்னிக்கும்படி கேத்தரின் சொல்லி அனுப்பினார். பாவம், அவளா என்னிடம் மன்னிப்புக் கேட்பது, நான்தான் அவளிடம் கேட்க வேண்டும் என்றார் சார்லஸ்.

தேநீரை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான் என்று துணுக்குகளில் எழுதுகிறார்கள். அவர் வருவதற்கு முன்பே லண்டன் காபிக்கடைகளில் தேநீர் விற்றது. அரண்மனையில் அதை நாகரிகமாக்கியவர் என்றால் சரி.

என் மாணவியின் கேள்விக்கு உண்மையான பதில் இனிமேல்தான். கேத்தரின் 1692இல் லண்டனை விட்டுப் புறப்பட்டு, பிரான்சையும் ஸ்பெயினையும் கடந்து 1693 ஜனவரியில் லிஸ்பனை அடைந்தார். முப்பது ஆண்டு கழித்துத் தாய்வீடு. பெம்போஸ்தா அரண்மனையைக் கட்டிக்கொண்டார், இப்போது அங்கே ராணுவக் கல்விக்கழகம் இருக்கிறது. 1704இல் ஸ்பெயின் அரசுரிமைப் போரில் தம்பியான போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் பெத்ரோ எல்லைக்குப் போனபோது, நாட்டை ஆளும் பொறுப்பைத் தமக்கையிடம் விட்டுச் சென்றார். 1705இல் தம்பி நோயுற்றபோது மறுபடியும் கேத்தரினே ஆண்டார். அந்த ஆண்டு போர்ச்சுகீசியக் கூட்டுப்படை ஸ்பெயின் எல்லையில் வலென்சியா டி அல்காந்தாராவையும் அல்புர்கெர்க்கேயையும் பிடித்தது. லூயிசாவின் மகள், தாய் அமர்ந்த இடத்தில் அமர்ந்தார். 1705 டிசம்பர் 31 அன்று, 67ஆம் வயதில் காலமானார்.

அவரைப் புனிதையாக்கச் சொல்லவில்லை. நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் அவருக்குப் பெரிய சிலை வைக்கும் திட்டத்தை, அடிமை வணிகத்தோடு அந்த அரச குடும்பங்களுக்கு இருந்த தொடர்பைச் சொல்லி மக்கள் எதிர்த்தார்கள், அது 1990களில் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது, அதையும் பிள்ளைகள் படிக்கட்டும். பம்பாய் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்கட்டும்.

பாடநூலில் இடம் எவ்வளவு குறைவு என்று எனக்குத் தெரியும். அதனால் பக்கம் கேட்கவில்லை, நான்கு வரி கேட்கிறேன். அடுத்த பதிப்பில் அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக இப்படிப் போடலாம்:

"ஸ்பெயினுக்கு எதிரான போரில் ஆங்கிலேயப் படை உதவி பெறுவதற்காக, போர்ச்சுகல் 1661ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பம்பாயை இளவரசி கேத்தரினின் சீதனமாக இங்கிலாந்துக்கு அளித்தது. உள்ளூர்ப் போர்ச்சுகீசிய ஆளுநரின் எதிர்ப்பால் 1665இல்தான் அது கைமாறியது. மன்னர் சார்லஸ் 1668இல் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கேத்தரின் கணவர் இறந்தபின் தாயகம் திரும்பி, 1704-05இல் போர்ச்சுகலை ஆண்டார்."

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியை