வளவு வீட்டுக் கச்சேரிகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். மார்கழியில் தொடங்கி மாசி வரை நடந்த வளவு வீட்டுக் கச்சேரிகள் நல்லபடியாக நிறைவேறின. வாய்ப்பாட்டு, வீணை, தேவாரம், பரதம், ஓவியக் காட்சி எல்லாமே காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடு ஒன்றின் வளவில், அதாவது நடு முற்றத்தையும் அதைச் சுற்றிய தாழ்வாரத்தையும் சேர்ந்த பகுதியில் நடந்தன. எதற்கும் மைக் வைக்கவில்லை. மேடையில் அமர்ந்த வித்வான்களுக்கும் விதுஷிகளுக்கும் அன்றன்றைக்கே பொன்னாடை போர்த்தி நன்றி சொல்லிவிட்டோம். மைக் இல்லாத கச்சேரிக்கு வேண்டிய அமைதியைச் சபையின் கண்ணில் படாமல் உண்டாக்கிக் கொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி வீட்டுப் பங்காளிகளுக்கு. இந்த வட்டாரத்தில் பெரிய வீடு எதுவும் ஒருவர் பெயரில் மட்டும் இருப்பது அபூர்வம். தலைமுறைக்குத் தலைமுறை புள்ளிகள் (மணமான தம்பதிக் குடும்பங்கள்) பெருகி, சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று பிரிந்திருப்பார்கள். சாவி ஒருவரிடம் இருக்கும். உரிமை எல்லோருக்கும் இருக்கும். ஒருவர் தலையசைத்தாலே போதும் என்று வேலையில் இறங்கினால், பந்தக்கால் நட்ட பிறகு வரும் ஒரே ஒரு போன் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். எந்தெந்தக் கட்டு (வீட்டின் பகுதி) திறக்கப்படும், எத்தனை பேர் வருவார்கள், அடுப்பு எங்கே மூட்டப்படும், சேதம் வந்தால் யார் சரிசெய்வது என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதி, எல்லாப் பங்காளிகளிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவர் இந்த வீட்டு மூத்த ஆச்சி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய அறைகள் பூட்டியபடியே இருந்தன. அந்தப் பக்கம் ஒருவரும் சாய்ந்துகூட உட்காராமல் கயிறு கட்டிக் காவல் பார்த்த வீட்டுக் காவலாளி ஐயாவுக்கும் அவர் துணைவியாருக்கும் இதே வரியில் நன்றி.

மாடித் தாழ்வாரத்தில் நின்று கீழே பார்த்துக் கேட்டால் நன்றாக இருக்கும் என்று பலர் ஆசைப்பட்டார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் பர்மாத் தேக்கு உத்தரம் வெளியே பளபளவென்று இருந்தாலும், சுவருக்குள் நுழையும் நுனியில் மழைநீர் இறங்கி உளுத்திருக்கலாம். அந்த நுனி கண்ணுக்குத் தெரியாது. கட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, ‘டங்’ என்று கணீர் ஒலி வரும் இடத்தையும் ‘டொப்’ என்று அமுங்கும் இடத்தையும் சுண்ணக்கட்டியால் குறித்து, மாடியை முழுக்க மூடச் சொன்ன பொறியாளருக்கு நன்றி. கட்டணம் எதுவும் அவர் வாங்கவில்லை.

சுவர்களைக் காப்பாற்றியவர் ஒரு கொத்தனார். சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு அது. ஆணி ஒன்று அடித்தால் சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பொருக்கு விட்டுக் கழன்றுவிடும். செல்லோடேப் ஒட்டி உரித்தால் மேல் மெருகும் கூடவே வந்துவிடும். அதனால் தோரணம், விளக்குக் கம்பி, அறிவிப்புத் துணி எல்லாவற்றையும் தூண்களில், துணி சுற்றி அதன் மேல் பருத்திக் கயிற்றால் கட்டச் சொன்னார். ஓவியங்கள் மூங்கில் தாங்கிகளில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றன. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டபடி இருக்கும். காகிதத்தை அதன் மேல் சாய்த்தால் பின்புறம் பூசணம் பிடிக்கும்.

இனி ஓசைக்கு வருகிறோம். அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வழவழப்பான சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, மேலே திறந்த வானம். கேட்பதற்கு இது இரண்டுங்கெட்டான் இடம். முற்றத்து நடுவில் பாடகரை உட்கார்த்தி வைத்தால் குரலில் பெரும்பகுதி வானத்துக்குப் போய்விடும், திரும்பி வராது. தாழ்வாரத்தில் உட்கார்த்தினால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓசை மாறி மாறி மோதும். ஒரு முறை கைதட்டினாலே ‘டர்ர்’ என்று ஓர் இழுவை கேட்கும். பாட்டில் அது சாகித்தியத்தின் எழுத்துகளைக் குழப்பும். மிருதங்கத்தில் அடுத்தடுத்த சொற்களை ஒன்றாக்கிவிடும்.

மேடையை முற்றத்தின் மேற்குத் தாழ்வாரத்தில், மரக்கூரைக்கு அடியில், பின்சுவரிலிருந்து நான்கடி முன்னால் போட்டுக் கொடுத்தார் நம் தச்சர். பன்னிரண்டடிக்கு எட்டடி, உயரம் ஒன்பது அங்குலம். பாடகர், வயலின், மிருதங்கம், கடம், பின்னால் தம்புரா என்று ஐந்து பேருக்கு அது போதும். கால்களுக்கு அடியில் பழைய சைக்கிள் டயரை வெட்டி ஆணி தெரியாமல் ஒட்டியிருந்தார். அது இல்லாவிட்டால் ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழும். அந்தக் கீறலைத் தேய்த்து எடுக்க முடியாது; நிறம் இருப்பது மேல்படலத்தில் மட்டும்தான்.

ஜமக்காளமும் கோரைப்பாயும் கொடுத்த தெருவினருக்கு நன்றி சொல்லும்போது, அவை எங்கே போயின என்பதையும் சொல்லிவிடுகிறோம். பாடகருக்கு நேர் முன்னே ஆறடித் தரையை வேண்டுமென்றே வெறுமையாக விட்டோம். அந்தக் கல் குரலை வாங்கிச் சபைக்குத் திருப்பிக் கொடுக்கும். மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) சபையைப் பார்த்து இருப்பதால், அதன் முன்னால் மட்டும் ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தோம்; அதோடு குரலை மிருதங்கம் அமுக்குவது நின்றது. எதிர்ச்சுவருக்கு முன்னே, ஒன்றைவிட்டு ஒரு தூணில் கனமான பருத்தித் திரை தொங்கியது. சுவரோடு ஒட்டாமல் ஒரு முழம் விலகித் தொங்கினால்தான் திரை ஓசையை நன்றாக உறிஞ்சும். மீதிப் பாயெல்லாம் சபையோருக்கு. தரையில் சம்மணமிட்டு உட்கார ஆளுக்கு ஐந்து சதுர அடி வேண்டும். தொள்ளாயிரம் சதுர அடித் தாழ்வாரத்தில் கணக்குப்படி 180 பேர் அடங்குவார்கள். தூண் மறைப்பும் நடைவழியும் போனால் 110 பேர்தான் சௌகரியமாகக் கேட்க முடியும். அதற்கு மேல் வந்தவர்கள் முகம் சுளிக்காமல் அடுத்த கச்சேரிக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

எங்கள் மின்பணியாளர் தம்பிக்குத் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும். தாழ்வாரத்துப் பழைய டியூப்லைட்டுகளின் சோக்கு மெல்ல முனகிக்கொண்டே இருக்கும். பேச்சுச் சத்தத்தில் அது தெரியாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; சோக்கு அதன் இருமடங்கில், அதாவது விநாடிக்கு 100 அதிர்வில் முனகும். ஒரு கட்டையில் (கட்டை என்பது பாடகரின் ஆதார சுருதி அளவு) பாடுகிறவரின் தம்புராவில் மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயி ‘ப’, ஏறக்குறைய 98 அதிர்வு. ஐந்து கட்டைக்கு மந்தர ஷட்ஜமும், அதாவது கீழ் ஸ்தாயி ‘ஸ’வும், அதே 98. சோக்கின் முனகலும் தம்புராவின் ஒலியும் சேர்ந்தால் விநாடிக்கு இரண்டு தடவை ‘வவ்... வவ்...’ என்று ஓர் அலை எழும். சுருதி சேர்க்கிறவர் தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகிக்கொண்டே இருப்பார். தம்புராவில் குற்றம் இருக்காது. தம்பி வந்து டியூப்லைட்டுகள் அத்தனையையும் நிறுத்தி, மஞ்சள் எல்இடி பல்புகளை மாட்டினார். ஒளியைக் குறைக்கும் டிம்மர் வேண்டாம் என்றும் அவர்தான் சொன்னார், அதுவும் முனகும் என்பதால். மின்விசிறிகளுக்குத் தனி இணைப்புக் கொடுத்து, ஆலாபனை தொடங்கும்போது ஒரே சுவிட்சில் எல்லாம் நிற்கும்படி செய்தார். ஜெனரேட்டரை வைக்க இந்த வீடுகளின் அமைப்பே கைகொடுத்தது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பதால், பின்தெருவில் நிறுத்தி, தடித்த கேபிளை இரண்டாங்கட்டு வழியாக இழுத்தார். அவ்வளவு தூரத்துக்கு மெல்லிய கம்பி போட்டால் சூடேறும், வோல்டேஜும் இறங்கும். பின்தெரு வீட்டுக்காரர்கள் அந்தப் புகையையும் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

தம்புரா மீட்டிய இரண்டு மாணவிகளுக்கு எங்கள் நன்றி. கச்சேரி முழுக்க ஒரே காலப்பிரமாணத்தில், தாளத்தின் பக்கம் சாயாமல் மீட்டுவது எளிதல்ல. மாலை வெக்கை தணியத் தணியக் கம்பி இறுகிச் சுருதி ஏறும். ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் தந்தியில் கோத்த மணியை நகர்த்திச் சரிசெய்து, குதிரை மேல் ஜீவா நூலை மயிரிழை தள்ளி வைத்து, நாதத்தின் ரீங்காரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தோலுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பனி இறங்கினால் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். கல்லும் கட்டையும் கொண்டு தட்டி ஏற்ற வேண்டும். முற்றத்துப் பக்கம் திறந்த இடம் என்பதால் வாத்தியங்களைக் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே மேடையில் கொண்டுவந்து வைத்து, அந்தக் காற்றுக்குப் பழக விட்ட இளைஞர்களுக்கு நன்றி. கடத்தின் சுருதியை ஏற்றவோ இறக்கவோ பெரிதாக வழியில்லை. பாடகரின் கட்டையை முன்கூட்டியே கேட்டுச் சொன்னதால், வித்வான் பொருத்தமான மானாமதுரைக் கடங்களைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவர முடிந்தது.

வீணைக் கச்சேரிக்கு இந்த மண்ணில் தனி மரியாதை உண்டு. காரைக்குடி சகோதரர்களில் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்தும், சாம்பசிவ ஐயர் கிடத்தி வைத்தும் வாசித்த பரம்பரை இங்கே உருவானது. கச்சேரிப் பத்ததியை வகுத்துத் தந்த அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் ஊரும் கூப்பிடு தூரம்தான். மைக் இல்லாத வீணை இருபதடிக்கு அப்பால் தன் கமகத்தின் நுணுக்கத்தை இழந்துவிடும். அதனால் அன்றைக்கு மட்டும் அறுபது பேருக்குத்தான் இடம் என்று வாசலில் நின்று பொறுமையாக எடுத்துச் சொன்ன தன்னார்வலர்களுக்கு நன்றி. வீணையை ஏற்றி வந்த ஓட்டுநர் அண்ணனுக்கும்தான். இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் மெழுகு இளகி, மெட்டு சாயும், மேளமே (ராகத்தின் சுர அமைப்பே) மாறிப்போகும். அவர் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோதும் வீணையை இறக்கி நிழலில் வைத்துவிட்டுத்தான் கை நனைத்தாராம்.

நாட்டிய நிகழ்ச்சிக்காகப் பலகைத் தளம் கடனாகக் கொடுத்த மரக்கடைக்காரருக்கு நன்றி. கல்தரையில் தட்டடவு ஆடினால் குதிகாலும் முழங்காலும் தாங்காது. ரீப்பர்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே முக்கால் அங்குல பிளைவுட் விரித்தால் கால் அதிர்வைப் பலகை வாங்கிக்கொள்ளும்; சலங்கை ஒலியும் தெளிவாக எழும். பலகை இணைப்பில் காசுக் கனம் மேடு இருந்தால்கூடக் கால்விரல் இடறும் என்று, இழைப்புளி பிடித்துச் சமன் செய்தது அவருடைய மகன்.

முற்றத்துத் தண்ணீர் வடியும் தூம்பில் பல வருட மண்ணும் சருகும் அடைத்திருந்தன. அவற்றை அள்ளி வெளியேற்றிய துப்புரவுப் பணியாளர்களுக்கு நன்றி. தை மாதத்தில் எதிர்பாராத மழை கொட்டியபோது முற்றம் குளமாகாமல் போனது அவர்களால்தான். தார்ப்பாய் கட்டியிருந்தால் மழைச் சத்தத்தில் பாட்டே கேட்டிருக்காது. திறந்தே விட்டதால் தண்ணீர் ஓசையோடு பாட்டும் கேட்டது.

நிலைப்படி ஆறங்குல உயரம். அதற்கு ஆறடி நீளச் சரிவுப் பலகை வேண்டும். குறைத்தால் சக்கர நாற்காலி பின்னுக்கு இழுக்கும். அதைச் செய்து கொடுத்தவரும் தச்சர்தான். பந்தி பரிமாறியவர்கள் எவர்சில்வர் தட்டை அடியோடு ஒதுக்கி, வாழை இலையும் பாக்குமட்டையும் மட்டும் வைத்ததால் இரண்டாங்கட்டிலிருந்து ஒரு கலகல ஒலியும் வரவில்லை. கோயில் கமிட்டியார் மாலைப் பாட்டை அரைமணி முன்னதாக முடித்து, குழாய் ஒலிபெருக்கியை வேறு திசைக்குத் திருப்பி வைத்தார்கள். கேட்டதும் மறுபேச்சு இல்லாமல் செய்த காரியம் இது.

சபையோருக்கும் ஒரு வார்த்தை. உருப்படிக்கு நடுவே எழாமல், ஓர் உருப்படி முடிந்த இடைவெளியில் மட்டும் உள்ளே வந்தும் வெளியே போயும், செல்போனை வாசலில் வைத்த பெட்டியில் போட்டுவிட்டு உட்கார்ந்தீர்கள். தனி ஆவர்த்தனத்தில் தாளம் போட்டவர்கள் தொடையில் தட்டாமல் விரல்களாலேயே எண்ணியதை மிருதங்க வித்வான் மேடையிலேயே சொல்லி மகிழ்ந்தார்.

ஜமக்காளங்கள் துவைத்துக் காய்கின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் வீட்டு எண்ணைச் சிவப்பு நூலில் தைத்திருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவோம். எண் தைக்காமல் வந்த இரண்டு பத்தமடைப் பாய்களும், கைப்பிடி பித்தளையில் போட்ட ஒரு கைத்தடியும் முகப்பில் காவலாளி ஐயாவிடம் இருக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
வளவு வீட்டுக் கச்சேரி ஏற்பாட்டுக் குழுவினர்