பேக் கிக்: சுற்றை எங்கே நிறுத்துவது?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. தோள்வலி தீர்ந்து மறுபடி வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. ஸ்பின்னிங் பேக் கிக்கை, அதாவது உடம்பைச் சுழற்றி முதுகு காட்டிப் பின்னால் நீட்டும் உதையை, எந்த முறையில் முதலில் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். யோசிக்காமல் கொரியத் தற்காப்புக் கலையான தேக்வாண்டோவின் முறையில் தொடங்கு. ஏன் என்று சொல்கிறேன்.

இடது கால் முன்னே, உதைப்பது வலது கால் என்று வைத்துக்கொள். தேக்வாண்டோவில் முன்கால் நின்ற இடத்திலேயே, விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் சுழன்று, குதிகால் எதிராளியைப் பார்க்கிறது. பார்வை வலது தோளுக்கு மேலாகப் போகிறது. வலது முழங்கால் இடது முழங்காலை உரசியபடி மடங்கி, கழுதை உதைப்பது போல நேர்பின்னால் நீள்கிறது. விரல்கள் தரையைப் பார்க்க வேண்டும், படுவது குதிகால். கராத்தேயின் உஷிரோ கேரியும் ஏறக்குறைய இதுவே. கிக்பாக்ஸிங்காரர்கள் முன்காலை நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் வைத்துவிட்டுச் சுழல்வார்கள். பாதித் திருப்பம் அந்த அடியிலேயே முடிந்துவிடும், எதிராளியையும் நெருங்கிவிடலாம். ஆனால் கூர்ந்து பார்ப்பவன் அந்த அடியைப் பார்த்தே ஒதுங்கிவிடுவான். மூன்றாவது, சுழன்று போடும் சைடு கிக், அதாவது பக்கவாட்டு உதை. இடுப்பு இன்னும் திரும்பி, விரல்கள் பக்கவாட்டில் படுத்திருக்கும். எட்டும் தூரம் அதிகம், நேரமும் அதிகம்.

உன் மாணவர்கள் பேக் கிக் என்று நினைத்துப் பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான் போடுவார்கள். அதுவும் தெரியாமலே! காரணம் தோள். தலை திரும்பி இலக்கைப் பார்த்ததும் தோள் நின்றுவிட வேண்டும். அது நிற்காமல் சுற்றினால் இடுப்பு திறக்கிறது, கால் வளைகிறது, உதை இலக்கின் வலப்பக்கமாக வழுக்கிப் போகிறது. இடப்பக்கம் போனால் கோளாறு வேறு: நின்ற காலின் குதிகால் முழுதாகத் திரும்பவில்லை. உதை எந்தப் பக்கம் தவறுகிறது என்று பார்த்தாலே எதைத் திருத்துவது என்று தெரிந்துவிடும்.

உதைத்துப் பழகத் தொங்கவிட்டிருக்கும் பையைக் கவனி. சரியான உதை பட்டால் பை நேராகப் பின்னால் போய் நேராகத் திரும்பி வரும். வளைந்த உதை பட்டால் சங்கிலியோடு முறுக்கிக்கொண்டு சுழலும். சத்தத்தை நம்பாதே, பாதம் தட்டையாகப் பட்டாலும் பெரிய சத்தம் வரும்.

சுவர்ப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இடது தோளுக்கு வெளியே ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக இடம் விட்டுச் சுவரோரம் நிற்கச் சொல். மெதுவாகச் சுழலட்டும். முழங்கால் ஒட்டி வந்தால் கால் சுவரைத் தொடாமல் போகும். வீசினால் பாதம் சுவரில் இடிக்கும். வேகம் வேண்டாம், பக்கத்துக்குப் பத்து முறை போதும்.

முழங்கால் விஷயத்தில் கண்டிப்பாக இரு. குதிகாலைத் தரையில் அழுத்திக்கொண்டு உடம்பைத் திருப்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். வெறுங்காலோடு ஒட்டும் பயிற்சி விரிப்பில் இது இன்னும் மோசம். குதிகாலைக் காகிதம் நுழையும் அளவுக்குத் தூக்கினாலே போதும்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு இதை எதிர்த்தாக்குதலாகவே பழக்கு. எதிராளி பின்காலால் வட்ட உதை போடக் கிளம்பும் நொடியில் அவன் வயிறு திறக்கிறது. அவன் கால் வளைந்து வர வேண்டும், உன் மாணவன் கால் நேர்கோட்டில் போகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் தேக்வாண்டோவில் உடலில் படும் சாதாரண உதைக்கு 2 புள்ளி, சுழன்று உதைத்தால் 4. அந்த ஆசையில் வெறுமனே முந்திக்கொண்டு சுழல்கிறவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். உதைத்த காலை உடனே மடக்கி இழுக்கச் சொல். நீட்டிய கால் அப்படியே கீழே விழுந்தால் அடுத்த அடியைத் தடுக்க கையும் இருக்காது, நிலையும் இருக்காது.

கிக்பாக்ஸிங்கின் அந்தக் குறுக்குக் காலடியை, பை நேராகப் போக ஆரம்பித்த பிறகு சேர்த்துக்கொள். சைடு கிக் கடைசியில். சுவர்ப் பயிற்சி எப்படிப் போனது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
மாறன்