அம்மாவின் 3ஏ விமான இருக்கையைப் போர்டிங் கேட்டில் பறித்தது பற்றிய புகார்

அனுப்புநர்: கோல்டு கார்டு உறுப்பினர், களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

நாள்: மே 26

பொருள்: உங்கள் விமானத்தில் உறுதி செய்த அப்கிரேடை (உயர் வகுப்புக்கு மாற்றித் தந்த இருக்கையை)க் கடைசி நேரத்தில் ரத்து செய்துவிட்டு, இரண்டு வவுச்சரையும் கழித்துக்கொண்டது

ஐயா,

வணக்கம். இந்த விஷயமாக நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை ஐயா, புகார் கொடுத்தேன். இதையாவது ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் வடகடலில் எண்ணெய் மேடையில் எலக்ட்ரீசியன். 28 நாள் வேலை, 28 நாள் வீடு. பதினோரு வருடமாக உங்கள் விமானத்தில்தான் போய் வருகிறேன். போன வருடம் மட்டும் 26 விமானம். இதைவிடக் குறைந்த விலையில் வேறு கம்பெனி டிக்கெட் கிடைத்தபோதும் அடிக்கடி பறப்பவர்களுக்கு நீங்கள் தரும் கோல்டு கார்டு போய்விடக் கூடாது என்று உங்களிடமே வாங்கினேன். கார்டு புதுப்பித்தபோது நீங்கள் கொடுத்த இரண்டு அப்கிரேடு வவுச்சரையும் நான் எனக்காக எடுத்து வைக்கவில்லை. அம்மாவுக்காக வைத்திருந்தேன். அம்மாவுக்கு 71 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை செய்து ஒரு வருடம் ஆகிறது. லண்டனில் இருக்கும் தங்கச்சிக்குப் பிரசவம். அம்மா போயே ஆக வேண்டும். வழியில் விமானம் மாற வேண்டும். ஒரு விமானத்துக்கு ஒரு வவுச்சர், ஆக இரண்டு வவுச்சர். அம்மா முன்னால் காலை நீட்டி இருக்கட்டும், நான் பின்னால் இருந்துகொள்கிறேன் என்பதுதான் ஏற்பாடு.

வவுச்சரை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்கள் கால்சென்டரில் கேட்டேன். சாதாரண டிக்கெட்டில் செல்லாது, கூடுதல் கட்டணமுள்ள எம் வகுப்பில் எடுக்க வேண்டும், கார்டுக்காரரும் அதே பிஎன்ஆரில் அதே வகுப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். சரி என்று எடுத்தேன். போக வர ஆளுக்கு 68,500 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டிய டிக்கெட்டை 1,06,000 கொடுத்து வாங்கினேன். இரண்டு பேருக்கும் சேர்த்து 75,000 ரூபாய் கூடுதல். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஏனென்றால் உங்கள் போர்டிங் கேட்டில் இருந்த பெண் ஊழியர் என் அம்மாவைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இதுதான்: "வெறுதே கிட்டுன்ன சீட்டினு எந்தினா இத்ர பஹளம்?"

சும்மா கிடைக்கிற சீட்டுக்கு எதற்கு இவ்வளவு ரகளை என்று கேட்டார். பக்கத்தில் நின்ற சக ஊழியரிடம் சொல்வதுபோல், எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார். தமிழ் பேசுகிறவர்கள்தானே, புரியாது என்று நினைத்திருப்பார். களியக்காவிளைக்காரனுக்கு மலையாளம் புரியாமல் போகுமா? எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் கேரளம். அம்மா சின்ன வயதில் பாறசாலைச் சந்தைக்குப் போய் வந்தவர். அவருக்கும் புரிந்தது. என் கையைப் பிடித்து, "விடு மக்களே, நான் எங்கேயும் இருந்துக்கிடுவேன்" என்றார். அந்தக் குரலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் 24 காலை. இரண்டு நாள் முன்பே உங்கள் செயலியில் இரண்டு விமானத்துக்கும் அப்கிரேடு உறுதி என்று வந்துவிட்டது. மின்னஞ்சலும் வந்தது. கவுண்டரில் அம்மாவுக்கு 3ஏ என்று அச்சடித்த போர்டிங் பாஸ் தந்தார்கள். அம்மா அதைக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார். போர்டிங் கேட்டில் அதை எந்திரத்தில் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் எதையோ தட்டினார். புதுச் சீட்டு ஒன்று வந்தது. 34ஈ, நடு இருக்கை. பழையதை இரண்டாகக் கிழித்துக் காலடிக் கூடையில் போட்டுவிட்டு, "அடுத்தவர்" என்றார்.

காரணம் கேட்டதற்குத்தான் அந்த "வெறுதே". அப்புறம் வந்த மேற்பார்வையாளர், "பணம் கட்டி அப்கிரேடு எடுத்தவருக்கு முன்னுரிமை" என்றார். கவுண்டரில் எங்களுக்கு முன்னால் நின்றவர் கார்டு தேய்த்துச் சீட்டு வாங்கியதை நானே பார்த்தேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் விற்றீர்கள், அவர் வாங்கினார். என் கேள்வி உங்களிடம்தான். அப்கிரேடு வரிசையில் முதலில் கார்டின் தகுதி, அடுத்து டிக்கெட் வகுப்பு, அதற்கும் அடுத்து யார் முதலில் கேட்டார்கள் என்பது. இது உங்கள் விதிப் புத்தகத்தில் நீங்களே எழுதியது. அதிலும் நான் காத்திருப்புப் பட்டியலில்கூட இல்லை. உறுதியாகி, எண்ணும் கொடுத்த சீட்டு. அதை எப்படி இன்னொருவருக்கு விற்க முடியும்? விற்பதாக இருந்தால் விற்றுக்கொள்ளுங்கள், எதற்கு வவுச்சர் என்று ஒன்றைக் கையில் கொடுத்து எம் வகுப்பு வாங்க வைக்கிறீர்கள்?

அடுத்த விமானத்தில் கதை இன்னும் மோசம். அங்கே கேட்கக்கூட ஆள் இல்லை. முதல் பகுதி ரத்தானால் இரண்டாவது தானாகவே ரத்தாகிவிடுமாம். லண்டன் வரை ஏழு மணி நேரம் அம்மா நடு இருக்கையில் முழங்காலை மடக்கி இருந்தார். முன் இருக்கைக்காரர் சாய்த்ததும் காலை நகர்த்த இடமில்லை. இறங்கும்போது கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த வீக்கம் இன்னும் முழுசாக வடியவில்லை என்று தங்கச்சி சொல்கிறாள். அறுவைக்குச் செலவழித்த மூன்று லட்சமும் உங்களால் தண்ணீரில் போனது என்றே நான் சொல்வேன்.

இதற்கெல்லாம் முன்னால் நடந்த இன்னொன்றையும் எழுதாமல் விட முடியாது. வவுச்சரை அடுத்தவருக்கு மாற்ற வேண்டுமானால் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உள்ள உங்கள் டிக்கெட் அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நாளும் நேரமும் நீங்களே கொடுத்தது, சாயங்காலம் ஐந்து மணி. அன்று பத்மநாபசுவாமி கோயில் பங்குனி ஆறாட்டு, சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் நாள்! ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அதற்காக வருடத்துக்கு இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், சில மணி நேரம் விமானமே இறங்காது, ஏறாது. இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்தது. அங்கே விமானம் விடுகிற உங்களுக்குத் தெரியாதா? கையெழுத்து நான் மட்டும் போட்டால் போதாது, அம்மாவும் வர வேண்டும் என்று சொன்னதால் 2,400 ரூபாய்க்குக் கார் பிடித்து அம்மாவையும் கூட்டிப் போனேன். நெய்யாற்றின்கரை தாண்டி பாலராமபுரத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். வள்ளக்கடவுப் பக்கம் போலீஸ் வண்டியை விடவில்லை. சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது உங்கள் அலுவலகக் கதவு பூட்டியிருந்தது. காவலாளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து அம்மாவை உட்காரச் சொன்னார். இந்த இரண்டு மாதத்தில் நான் பார்த்த ஒரே மரியாதை அதுதான், அவரும் உங்கள் ஊழியர் இல்லை. மறுநாள் போன் செய்தால், "அந்தக் கையெழுத்து தேவையே இல்லை, செயலியிலேயே செய்யலாம்" என்கிறார்கள்.

மேடையில் 12 மணி நேர ஷிஃப்ட் முடித்துவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் ஐந்து தடவை போன் செய்தேன். கால்சென்டர் விமான நிலையத்தைக் கேட்கச் சொல்கிறது, விமான நிலையம் கார்டுப் பிரிவைக் கேட்கச் சொல்கிறது, கார்டுப் பிரிவு மறுபடி கால்சென்டருக்கே அனுப்புகிறது. என் கணக்கைத் திறந்தால் இரண்டு வவுச்சரும் "பயன்படுத்தப்பட்டது" என்று நிற்கிறது. யார் பயன்படுத்தினார்கள் ஐயா? 3ஏயில் இருந்தவரா?

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. உங்கள் விமானிகளும் உள்ளே பரிமாறும் பிள்ளைகளும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதனால்தான் இன்னும் பேசித் தீர்க்கப் பார்க்கிறேன். ஆனால் என்னைப் படிக்காதவன் என்று நினைக்க வேண்டாம். உயர் வகுப்புச் சீட்டு உள்ளவரைக் கட்டாயமாகக் கீழ் வகுப்புக்கு இறக்கினால் சர்வதேச விமானத்தில் தூரத்தைப் பொறுத்து டிக்கெட் தொகையில் 30, 50 அல்லது 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்தை மேற்பார்க்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2023 பிப்ரவரி 15 முதல் விதி வைத்திருக்கிறது. வவுச்சர் சீட்டுக்கு அது பொருந்தாது என்று உங்கள் வக்கீல் சொல்லலாம். 75,000 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு கொடுத்த சீட்டை இலவசம் என்று எந்த நுகர்வோர் ஆணையம் ஒப்புக்கொள்ளும் என்று பார்த்துவிடுவோம். 2019 நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம்கூட இல்லை. விமானப் பயணிகள் புகாருக்கான அரசுத் தளமான ஏர்சேவாவிலும் பதிவு செய்வேன். அம்மா பட்ட பாட்டுக்குப் பத்து லட்சம் கேட்பேன், ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன்.

அது வேண்டாம் என்றால் நான் கேட்பது இவ்வளவுதான். கூடுதலாக வாங்கிய 75,000 ரூபாயும் வீணாய்ப்போன காருக்கு 2,400 ரூபாயும் திரும்ப வர வேண்டும். இரண்டு வவுச்சரையும் கணக்கில் திரும்பப் போட வேண்டும். கேட்டில் இருந்த அந்த ஊழியர் என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும், மலையாளத்திலேயே எழுதட்டும், அம்மா வாசிப்பார்.

ஜூலை 18 அன்று அம்மாவும் நானும் லண்டனிலிருந்து திரும்புகிறோம். அதே பிஎன்ஆர், அதே எம் வகுப்பு. அன்று இரண்டு விமானத்திலும் அம்மா முன்னால் இருக்க வேண்டும். ஜூன் 19 நான் மறுபடி வேலைக்குக் கிளம்ப வேண்டியிருப்பதால், பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலமாகப் பதில் வேண்டும். கிழித்துப் போட்ட போர்டிங் பாஸின் ஒரு பாதியைக் கூடையிலிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் கோல்டு கார்டு உறுப்பினர்,
களியக்காவிளை